தட்டோடு வந்து உட்காருங்கள், டீச்சர்

தாமிரபரணிக் கரைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீச்சர்களுக்கும் சார்வாள்களுக்கும்,

பாபநாசத்தில் ஆரம்பித்து அம்பை, கல்லிடை, முக்கூடல், சேரன்மகாதேவி, மேலப்பாளையம், பாளை, முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம் என்று ஆறு போகிற வழியெல்லாம் ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே மல்லுக்கட்டுகிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நானும் இந்தக் கரையில் சாக்பீஸ் பிடித்து ஓய்வு பெற்றவள். அதனால் ‘இவளுக்கு என்ன தெரியும்’ என்று நினைக்காதீர்கள். ‘இவளுக்கு இப்போது வேறு வேலை இல்லை’ என்று வேண்டுமானால் நினைத்துக்கொள்ளுங்கள், அது உண்மை.

உங்கள் வகுப்புச் சுவரில் ‘சத்தான உணவு’ என்று ஒரு சார்ட் தொங்கும். ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி, ப்ரோக்கோலி, ஒரு டம்ளர் பால், முழித்துப் பார்க்கிற ஒரு மீன். ப்ரோக்கோலியைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் கல்லிடைக்குறிச்சிப் பிள்ளை ‘மரம்’ என்று சொல்லும். கிட்டத்தட்ட சரியான விடைதான். அந்தப் பிள்ளை தினமும் பார்க்கிற கொய்யாவும் பப்பாளியும் ஏத்தன் வாழையும், தை மாதம் வீட்டுக்கு வீடு வேகிற சிறுகிழங்கும் பனங்கிழங்கும் அந்தப் படத்தில் இல்லை. சத்து என்பது கடையில், அதுவும் டவுனில் இருக்கிற பெரிய கடையில் விற்கிற ஏதோ ஒன்று என்று ஆறு வயதிலேயே முடிவு கட்டிவிடுகிறது.

சார்ட்டை மாற்றுங்கள் என்று சொல்ல இந்த மடல் எழுதவில்லை. சார்ட்டை மாற்றுவது சுலபம், அதனாலேயே அதை அடிக்கடி செய்கிறோம். நான் கேட்பது வேறு. மதியம் பெல் அடித்ததும் பிள்ளைகள் கையைக் கழுவிவிட்டு (கழுவாமலும்) வராந்தாவில் வரிசையாக உட்காருகிறார்கள் இல்லையா? அந்த அரைமணி நேரம் நாம் எங்கே இருக்கிறோம்? ஆபீஸ் ரூமில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, மறு கையில் செல்போனில் கல்வித் துறையின் ‘எமிஸ்’ விவரங்களை ஏற்றிக்கொண்டு. உணவைப் பற்றிய பாடம் முழுதும் வெளியே வராந்தாவில் நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் இல்லாத வகுப்பாக நடக்கிறது.

பரிமாறுவதற்கு முன்னால் ஆசிரியர் ஒருவராவது ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. 2013-இல் பீகாரில் சாப்ரா பக்கம் ஒரு பள்ளியில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் இதில் எல்லோரும் உஷாரானார்கள். 2015-இல் வந்த மதிய உணவு விதிகளில் எழுத்திலேயே சேர்ந்தது. நாமும் ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம். விஷம் இல்லை என்று சொல்ல அது போதும். பிள்ளைக்குச் சாப்பிடச் சொல்லிக்கொடுக்க அது போதாது.

ஜப்பானில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு மதியச் சாப்பாடு வகுப்பறைக்குள்தான். பிள்ளைகளே வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். அதே சாப்பாட்டை அதே அறையில் ஆசிரியரும் சாப்பிடுகிறார். பள்ளிச் சாப்பாட்டுக்கு அவர்கள் 1954-இலேயே சட்டம் போட்டார்கள். 2005-இல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே சாப்பாட்டு நேரமும் பாடவேளைதான். நம் கால அட்டவணையில் அது ‘இடைவேளை’.

ஜப்பானுக்கு ஏன் போக வேண்டும்? பிள்ளைகளை எப்படி உட்காரவைத்துச் சோறு போடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய பாடம் என்று இந்த ஆற்றங்கரைக்குத் தெரிந்த அளவு வேறு ஊருக்குத் தெரியாது. 1920-களில் சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார். தேசபக்தியும் தமிழும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்த இடம். ஆனால் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிப் பந்தி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டார்கள், காங்கிரஸே இரண்டுபட்டது, காந்தி வரை போனது. 1925-இல் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். குருகுலத்தில் என்னென்ன பாடம் நடந்தது என்று இன்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. பந்தி மட்டும் நினைவிருக்கிறது.

அதே சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில்தான் காமராஜர் மாடு மேய்த்த பையனைப் பார்த்து ‘ஏன் பள்ளிக்கூடம் போகலை?’ என்று கேட்டார், ‘போனா சோறு போடுவியா?’ என்று பையன் திருப்பிக் கேட்டான் என்று நம் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். ஊருக்கு ஊர் கேட்டும் மாறும், மாடு ஆடாகவும் மாறும். மதிய உணவுத் திட்டம் 1956-இல், அன்று நம் ஜில்லாவில் இருந்த எட்டயபுரத்தில் தொடங்கியது என்பது மாறாது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 1989-இல் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010-இல் வாரம் ஐந்து ஆனது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும், 2024 ஜூலையில் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. டி.டி.டி.ஏ., ஆர்.சி. உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த நம் பக்கத்துக்கு இந்தப் படி எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும்.

2023 செப்டம்பரில், எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில், காலை உணவு சமைக்கிற பெண்ணின் சாதியைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் அது வேறு தகராறு என்றார்கள். கனிமொழி எம்.பி., அமைச்சர், கலெக்டர் எல்லோரும் போய் அந்தப் பள்ளியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து உப்புமாவோ கிச்சடியோ சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். எம்.பி. ஒருநாள் வந்து போவார். மற்ற இருநூறு நாளும் அந்த இடத்தில் உட்கார வேண்டியவர் நீங்கள். ‘யார் சமைத்தாலும் சாப்பிடு’ என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த அம்மா கையால் வாங்கி, நீங்கள் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்தால் கேள்வியே வராது.

இதே திருநெல்வேலியில் ஆட்சியராக இருந்த ஷில்பா பிரபாகர் சதீஷ் 2019-இல் தன் மகளைப் பாளையங்கோட்டையில் ஓர் அங்கன்வாடியில் சேர்த்தார். அந்தச் செய்தி நாடு முழுக்கப் போனது. நம் வேலைக்குச் செய்தி தேவையில்லை, பழக்கமானால் போதும்.

சரி, உட்கார்ந்தால் என்ன நடக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். சாம்பார் சாதத்தில் கிடக்கிற முருங்கைக் கீரையை ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் ஒட்டிவைப்பான். கோலம் போடுகிறவள் புள்ளி வைக்கிற கவனம் அதில் இருக்கும். சாப்பிட்டு முடிக்கும்போது தட்டைச் சுற்றிப் பச்சை மாலை. ‘கண்ணுக்கு நல்லதுலே’ என்றால் ‘எனக்குக் கண்ணு நல்லாத்தான டீச்சர் தெரியுது’ என்பான். என்ன பதில் சொல்வீர்கள்? அவன் சொல்வது சரி. இருபது வருஷம் கழித்து வருகிற நன்மையைக் காட்டி எட்டு வயதுக்காரனை மயக்க முடியாது.

ஒருநாள் சாயங்காலம் முருங்கைக் கொப்பு இரண்டைத் துணியில் இறுக்கிக் கட்டிவைத்தோம். நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரிந்ததுதான். ராத்திரி முழுக்கக் கட்டிக் கிடந்தால் காலையில் இலை தானாக உதிர்ந்துவிடும், உருவுகிற பாடு மிச்சம். மறுநாள் வகுப்பில் துணியை அவிழ்த்து உதறினால் பொலபொலவென்று கொட்டியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. மிச்சக் காம்புகளை நான்கு நான்காகப் பிரித்துக் கொடுத்து எண்ணச் சொன்னேன், கணக்குப் பாடமும் முடிந்தது. கீரை சமையலறைக்குப் போனது. மதியம் அந்தப் பையன் பக்கத்தில் இருந்தவனிடம் ‘இது நான் உருவுனது’ என்று பீற்றிக்கொண்டான். பீற்றிய பிறகு ஒதுக்க முடியாது அல்லவா? மூன்று இலை உள்ளே போனது, மிச்சம் விளிம்பில் ஏறியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக ஒரு கீரையையோ காயையோ பிள்ளை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவையாவது அதை ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்று குழந்தை உணவை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் மூன்றாம் தடவையே ‘இவனுக்குக் கீரை ஆகாது’ என்று முடித்துவிடுகிறோம். பள்ளிச் சமையலில் காயும் கீரையும் வாராவாரம் திரும்பத் திரும்ப வருகின்றன. இதற்கென்று தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதே இல்லை.

(இடையில் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளைச் சமையல் வேலைக்கு விடக்கூடாது, அடுப்படிப் பக்கம் போகவே கூடாது. நான் சொல்வது வகுப்பறையில், உங்கள் கண் முன்னால், ஒரு பாடமாக. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘எம் பிள்ளைய கீர ஆயவா அனுப்புனேன்’ என்று யாராவது வருவார்கள், அதிலும் நியாயம் இருக்கும்.)

பக்கத்தில் உட்கார்ந்தால் காதில் விழுகிற சேதிகள் வேறு. ‘காலைல என்னலே சாப்ட்ட?’ என்று கேட்டால் காலை உணவு வருவதற்கு முன்னால் பாதிப் பேர் சொன்ன பதில் ‘சாயாவும் ரஸ்க்கும்’. இப்போது வயிற்றுக்குச் சூடாக ஏதோ விழுகிறது. ஆனாலும் சாயா போகவில்லை. எழுந்ததும் ஒன்று, பள்ளி விட்டுப் போய் ஒன்று. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்கள்தான் உங்கள் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்து, பத்தரை மணிக்கெல்லாம் மேஜையில் தலை வைத்துப் படுக்கிறார்கள். நாம் ‘தூங்குமூஞ்சி’ என்கிறோம். சாப்பாட்டோடு சேர்ந்து குடிக்கிற டீ, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். இதைப் பிள்ளையிடம் சொல்வதைவிட அம்மாவிடம் சொல்லுங்கள். அதிலும் குற்றம் சொல்வது போல இல்லாமல்.

அம்மா என்றதும் முக்கூடலையும் மேலப்பாளையத்தையும் ஆலங்குளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளை ‘பசிக்கு’ என்று வந்து நிற்கும்போது எழுந்து போனால் கை நிற்கும், கை நின்றால் கூலி நிற்கும். ஐந்து ரூபாயை எடுத்து நீட்டுவாள். கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டில் ஒன்று பிள்ளை கைக்கு வரும். அவளைக் கூப்பிட்டு ‘ஏம்மா பாக்கெட் வாங்கிக் குடுக்கீங்க’ என்று பெற்றோர் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் கேட்கிறோமே, அதைவிடக் கேவலம் இல்லை. சுளகுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத் தோதாக எதையாவது சொல்லுங்கள். பொரிகடலை ஒரு டப்பா, அவித்த பயறு, வாழைப்பழச் சீப்பு. அவள் எழுந்திருக்க வேண்டியதில்லை.

பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் உப்பும் கொழுப்பும் சீனியும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் ஒழுங்குமுறை போட்டிருக்கிறது. தலைமை ஆசிரியர்கள் இதைக் கையில் எடுக்கலாம். எடுத்தால் பாக்கெட் தொங்குகிற கடையில் போய்ப் பேசுங்கள். சாக்கு விரித்து நெல்லிக்காயும் கொடுக்காப்புளியும் நவ்வாப் பழமும் விற்கிற ஆச்சியை விரட்டிவிட்டு, நடவடிக்கை எடுத்தாயிற்று என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் விதி முதலில் பாய்வது ஆச்சி மேல்தான்.

‘நல்ல உணவு’, ‘கெட்ட உணவு’ என்று கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து இரண்டு பத்தி போடுகிற வழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கெட்ட பத்தியில் பரோட்டா எழுதுவீர்கள், முன் வரிசையில் இருக்கிற பிள்ளையின் அப்பா பரோட்டா மாஸ்டராக இருப்பார். அல்வா எழுதுவீர்கள், உலகத்தில் எந்த ஊர்ப் பள்ளியில் எழுதினாலும் திருநெல்வேலியில் எழுத முடியுமா? தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் தின்கிற அல்வாவால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. தினசரி பல்லில் ஒட்டுகிற மிட்டாயும் பாட்டில் சர்பத்தும்தான் வில்லன். இப்படிப் பத்தி போடுவதில் இன்னும் மோசமானது, பழைய சோறு கொண்டுவருகிற பிள்ளை அந்தப் பட்டியலில் தன் டப்பாவைத் தேடும். எந்தப் பத்தியிலும் இருக்காது. மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துச் சாப்பிட ஆரம்பிக்கும். மறைத்துச் சாப்பிடுவதைத்தான் அந்தக் கோடு கற்றுக்கொடுத்தது.

சோற்றையே கெட்ட பத்தியில் தள்ளுகிற புது நாகரிகமும் வந்திருக்கிறது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் 1920-களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்துப் பார்த்தார். பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலி கொழுகொழுவென்று இருந்தது, சென்னை மாகாணத்துச் சாப்பாடு தின்ற எலி நோஞ்சான். அந்த ஆய்வுக்கூடம்தான் பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. எலி நோஞ்சானாகப் போனதற்குக் காரணம் அரிசி மட்டும் இல்லை. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசி, கூடவே பாலும் பருப்பும் கீரையும் போதாதது. நெல்லை அவித்துக் காயவைக்கிறபோது தவிட்டில் இருக்கிற பி வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசிக்காரர்களுக்கு பெரிபெரி நோய் அதிகம் வராமல் இருந்தது அதனால்தான். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த அம்பை 16 புழுங்கல் சோற்றோடு பருப்பு, கத்தரிக்காய், மாங்காய், முருங்கைக் கீரை எல்லாம் ஒன்றாக வேகிற நம் கூட்டாஞ்சோற்றுக்கு மெக்காரிசன் மார்க் போட்டிருந்தால் குறைத்திருக்க மாட்டார். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அப்படித்தான். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: சோறு கொஞ்சம் குறையட்டும், கூட இருப்பது கொஞ்சம் கூடட்டும்.

கருப்பட்டியைப் பற்றி ஒரு சண்டை. உடன்குடிக் கருப்பட்டி என் உயிர். ஆனாலும் ‘சீனிதான் கெடுதல், கருப்பட்டி எவ்வளவு வேணா தின்னலாம்’ என்று வகுப்பில் சொல்லாதீர்கள். பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். பிறந்தநாளைக்கு சாக்லேட்டுக்குப் பதில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடுக்கச் சொல்லலாம்; அதிலும் வெல்லப்பாகு உண்டு, ஆனால் கடலையாவது உள்ளே போகும்.

எடை பார்க்கிற நாளில் எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். எழுதிக்கொண்டு போய்விடுங்கள். ‘குண்டு’, ‘ஒல்லிப்பிச்சான்’ என்கிற பட்டப்பெயர்கள் அன்றைக்குத்தான் பிறக்கின்றன, பத்தாம் வகுப்பு வரை போகின்றன.

தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்தத் தனி மணி அடிக்கிற வழக்கம் பள்ளிகளுக்கு வந்திருக்கிறது, நல்லது. ஆனால் பெண்பிள்ளை பாட்டிலைத் திறந்து உதட்டில் மட்டும் வைத்துவிட்டு மூடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? தாகம் இல்லாமல் இல்லை. கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் போக வேண்டும் என்று காலையிலேயே கணக்குப் போட்டுவிடுகிறாள். தாழ்ப்பாளைச் சரிசெய்யாமல் மணி அடித்துப் பயனில்லை.

கை கழுவுவதற்கு ஒரு விளையாட்டு உண்டு. சாப்பாட்டு மணிக்கு அரைமணி முன்னால் ஒரே ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, வழக்கம் போல விளையாட விடுங்கள். பிறகு எல்லோரும் அவரவர் கையையும் சட்டையையும் பார்க்கட்டும். வெள்ளை எங்கெங்கே போயிருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். உங்கள் சேலையிலும் இருக்கும். கிருமி என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லலாம்.

நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும். ‘பிள்ளைகளுக்கு அளந்து வருகிற அரிசியில் ஆசிரியர் சாப்பிட்டால் ஆடிட்டில் மாட்டுவோம்.’ சரிதான். பிள்ளைகள் பங்கில் கை வைக்க வேண்டாம். ருசி பார்க்க வாங்குகிற அந்த ஒரு கரண்டியைத் தட்டின் ஓரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு உங்கள் டிபன் பாக்ஸ். ஆபீஸ் ரூமில் திறப்பதை வராந்தாவில் திறக்க வேண்டும், அவ்வளவுதான். வாரம் ஒருநாள் போதும், ஒரு ஆசிரியர் போதும், முறை வைத்துக்கொள்ளலாம். எமிஸ் அரைமணி காத்திருக்கும். ஓராசிரியர் பள்ளிக்காரர்கள் என்னைத் திட்டுவீர்கள். உங்களுக்கு மட்டும் மன்னிப்பு, முடிந்த நாளில் உட்காருங்கள். முட்டி வலிக்கிறவர்கள் ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம். டப்பாவில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள், ‘டீச்சர் பீர்க்கங்கா தின்னுதாவ’ என்று தெரு முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை,
பாளையங்கோட்டை.

பி.கு.: வாரம் ஒருநாள் கொடுக்கிற இளஞ்சிவப்பு இரும்புச் சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், சாப்பிட்ட பிறகு கொடுங்கள், குமட்டல் பாதி குறையும். மறுநாள் கருப்பாக மலம் போகும் என்று அம்மாக்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் மாத்திரை பிள்ளையின் பைக்குள்ளோ வாய்க்காலுக்குள்ளோதான் கிடக்கும். பூச்சி மாத்திரையை விழுங்கச் சொல்லாமல், கடித்து மென்று தின்னச் சொல்லுங்கள்.